பிட்புல் வம்சமும் சரணாலய நாயும்: மானிப்பாய்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

மானிப்பாய், சண்டிலிப்பாய், நவாலி, ஆனைக்கோட்டைப் பகுதிகளில் வீட்டுக்கு நாய் எடுக்க எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு,

பிட்புல் என்பது தனியொரு இனத்தின் பெயரன்று. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாபோர்ட்ஷயர் டெரியர், அமெரிக்கன் புல்லி ஆகிய நெருங்கிய உறவுடைய இனங்களும் அவற்றின் கலப்புகளும் பேச்சுவழக்கில் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியா. காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் கடிக்கவிடும் விளையாட்டை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தபோது, அதில் பணம் கட்டிப் பழகியவர்கள் நாய்ச்சண்டைக்கு மாறினார்கள். நாய்ச்சண்டையை மூடிய அறைக்குள் நடத்தலாம், பொலிஸின் கண்ணில் படாது. காளைநாயின் உடல்வலுவையும் டெரியரின் வேகத்தையும் ஓருடலில் சேர்ப்பதற்காக இரண்டையும் கலந்தார்கள். குடியேறிகளோடு அந்தக் கலப்பு நாய்கள் அமெரிக்கா சென்று, பண்ணைக் காவலுக்கும் பன்றி பிடிக்கவும், சண்டைக் களத்துக்கும் பயன்பட்டன.

1898இல் சோன்சி பென்னற் என்பவர் யுனைட்டெட் கெனல் கிளப்பைத் தொடங்கி, அதன் ஏட்டில் முதலாவதாகப் பதிந்தது தம்முடைய பிட்புல்லைத்தான். 1909இல் இந்த இனத்துக்கென்றே அமெரிக்கன் டோக் பிறீடர்ஸ் அசோசியேசன் உருவானது. அமெரிக்கன் கெனல் கிளப் நெடுங்காலம் தயங்கி, 1936இல் ஸ்டாபோர்ட்ஷயர் டெரியர் என்ற வேறு பெயரில் ஏற்றுக்கொண்டது. ஒரே குடும்பத்து நாய்கள் மூன்று ஏடுகளில், வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக வளரத் தொடங்கியது இப்படித்தான். சண்டை நாயும் காட்சி நாயும் அப்போதே பிரிந்தன.

வம்சம், லைன், பிளட்லைன் என்று இன்று விற்பனையாளர்கள் சொல்வது இந்த ஏடுகளிலிருந்து பிறந்த பேச்சு. மசாசுசெற்ஸ் மாநிலத்து நியூபெரிபோர்ட்டில் 1889 முதல் ஜோன் கொல்பி வளர்த்த நாய்களின் வழி கொல்பி வம்சம். செம்மூக்கும் செம்பழுப்பு உடலும் கொண்டது ஓல்ட் பமிலி றெட் நோஸ். கார்வர், புட்றோ ஆகியவை அவற்றை வளர்த்தவர்களின் பெயரால் அறியப்படும் சண்டைக் கால வம்சங்கள். ரேசர்ஸ் எட்ஜ், கொற்றிலைன் இரண்டும் பின்னால் வந்தவை. அகன்ற மார்பும் பெருத்த தலையும் குறுகிய காலும் வேண்டுமென்று தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இவை பழைய பிட்புல்லிலிருந்து விலகி அமெரிக்கன் புல்லியாகின. அந்தப் புதிய இனத்துக்கு 2004இல் தனிச் சங்கம் அமைந்தது. யுனைட்டெட் கெனல் கிளப் 2013இல் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு வம்சப் பெயர் எப்போது பொருளுள்ளதாகிறது? தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன் எனப் பல தலைமுறைகள் ஏட்டில் பெயரோடு நிற்க வேண்டும். அவை எப்படி நடந்துகொண்டன, எந்த வயதில் எந்த நோயால் இறந்தன என்பது வளர்த்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத இடத்தில் வம்சப் பெயர் விலையைக் கூட்டுவதற்கான ஒரு சொல் மட்டுமே. கொல்பி என்ற பெயர் நூறாண்டுக்கு மேல் நிலைத்ததற்குக் காரணம் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த கணக்கு.

யாழ்ப்பாணத்தில் குட்டி விற்பவர் பெரும்பாலும் நிறத்தைக் காட்டியே வம்சம் சொல்கிறார். மூக்குச் சிவப்பென்றால் றெட் நோஸ், உடல் சாம்பல் நீலமென்றால் புளூ லைன். மரபியல் இதை ஏற்பதில்லை. கறுப்பு நிறமியைப் பழுப்பாக்கும் ஒடுங்கு மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வந்து சேர்ந்தால் எந்த நாய்க்கும் மூக்குச் செம்பழுப்பாகும். ஒழுங்கையில் படுத்திருக்கும் ஊர்நாய்களிலும் அத்தகைய மூக்குள்ளவற்றைப் பார்க்கலாம். அவற்றுக்கும் அமெரிக்கப் பழைய குடும்பத்துக்கும் தொடர்பில்லை. நீலமும் அப்படியே. கறுப்பை ஐதாக்கும் இன்னொரு ஒடுங்கு மரபணுவின் விளைவு அது. நீல நாய்கள் சிலவற்றில் அந்த மரபணுவே மயிர் உதிர்வுக்கும் நாட்பட்ட தோல் நோய்க்கும் காரணமாகிறது. நீலம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் சில வேளை தோல் நோயையும் சேர்த்தே வாங்குகிறார்.

இலங்கையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பிட்புல் டெரியர் உட்படச் சில இனங்களை நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதித் தடை இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து நேரே வந்த தகப்பன் என்று ஒருவர் சொன்னால், அந்த நாய் சட்டத்தை மீறி வந்திருக்க வேண்டும், அல்லது அந்தக் கதையே பொய்யாக இருக்க வேண்டும். தடைக்கு முன் வந்த நாய்களின் வழித்தோன்றலாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதை நிறுவப் பதிவுத்தாள் வேண்டும். கொழும்பிலுள்ள இலங்கை நாய் வளர்ப்போர் சங்கம் இனநாய்களுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. தாயும் தகப்பனும் பதிவுடையவை என்றால் அந்த எண்களைக் கேட்டு, சங்கத்திடமே சரிபார்க்கலாம். கேட்டதும் பேச்சை மாற்றும் விற்பனையாளரிடம் குட்டி எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நாட்டுக்குள் நாய்த்தொகை சிறிதாகவும் புதிய இரத்தம் வராமலும் இருக்கும்போது உறவுக்குள் சேர்க்கை தவிர்க்க முடியாததாகிறது. அதன் கணக்கு எளிமையானது. உறவில்லாத நாய்களின் வழிவந்த ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளைச் சேர்த்தாலும், தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும், பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு 25 வீதம். தாயோ தகப்பனோ மட்டும் பொதுவான இரண்டைச் சேர்த்தால் 12.5 வீதம். மச்சான் முறையானவற்றைச் சேர்த்தால் 6.25 வீதம். அளவு ஏற ஏற, இரு பக்கத்திலும் மறைந்திருந்த குறை குட்டியில் வெளிப்படும் வாய்ப்பும் ஏறும். இந்த இனக்குழுவில் காணப்படும் இடுப்பு மூட்டுத் தளர்வு, ஒவ்வாமைத் தோல் நோய், உண்ணி போன்ற நுண்பூச்சியால் வரும் சொறி, இதய வால்வுக் குறை, ஸ்டாபோர்ட்ஷயர் டெரியர்களில் நடு வயதில் தலைகாட்டும் நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றில் பரம்பரைக்குப் பங்குண்டு. தள்ளாட்டம் மூன்று முதல் ஐந்து வயதுக்குள்ளேயே பெரும்பாலும் தெரியவரும். அதற்குள் அந்த நாயிலிருந்து பல ஈற்றுக் குட்டிகள் விற்கப்பட்டிருக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

உண்ணிக் காய்ச்சலைத் தனியே குறிப்பிட வேண்டும். இலங்கை நாய்களில் இந்தக் காய்ச்சலுக்கு முதன்மைக் காரணமாக உள்ள பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி, உண்ணி மூலம் மட்டுமன்றி நாய் நாயைக் கடிக்கும்போது இரத்தம் கலப்பதாலும் பரவுகிறது. அமெரிக்காவில் இது பிட்புல்களிடையே அதிகம் கண்டறியப்பட்டதற்குச் சண்டைக் களங்களே காரணம். மருந்தால் காய்ச்சல் தணிந்தாலும் கிருமி உடலில் தங்கிவிடலாம். தாயிடமிருந்து குட்டிக்கும் போகலாம். குட்டி எடுப்பவர்கள் தாயின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க இதுவே போதிய காரணம்.

வலிகாமத்தில் பிட்புல் மீதான விருப்பத்துக்குப் பின்னால் உண்மையான பயம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வளவில் வயது போன தாய் தகப்பன் இருவர் மட்டும். இரவில் களவு, ஊரை உலுக்கும் வாள்வெட்டுச் செய்திகள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளை காசு அனுப்பி, ஆளைக் கண்டாலே நடுங்கவைக்கும் நாய் ஒன்றை வாங்கிக் கட்டச் சொல்வது விளங்கக்கூடியதே. ஆனால் பிட்புல் அந்த வேலைக்கு ஏற்ற நாயன்று. யுனைட்டெட் கெனல் கிளப்பின் இனவிளக்கமே, இந்த நாய் அந்நியரிடமும் மிகுந்த நட்புக் காட்டுவதால் காவலுக்குச் சிறந்த தெரிவல்ல என்று சொல்கிறது. சண்டைக் களத்தில் நாய்களை விலக்கக் கை வைக்கும் மனிதரைக் கடிக்கும் நாய் உதவாது என்பதால், மனிதரிடம் அடங்கியும் விலங்குகளிடம் விடாப்பிடியாகவும் இருப்பவையே தேர்ந்து வளர்க்கப்பட்டன. அந்த விடாப்பிடி பக்கத்து வளவு ஆட்டுக்கும், வேலிக்குக் கீழால் வரும் கோழிக்கும், ஒழுங்கையில் போகும் ஊர்நாய்க்கும் ஆபத்து. கிடுகு வேலியோ பனையோலை வேலியோ அதைத் தடுக்காது. மதிலும் பூட்டிய படலையும் வேண்டும். ஒவ்வொரு நாளும் அதை வெளியே கூட்டிப்போய்க் களைக்கவைக்கக்கூடிய, இழுத்தால் பிடித்து நிறுத்தக்கூடிய ஓர் ஆளும் வேண்டும். எழுபது வயதுத் தம்பதியால் அது முடியாது. களவுக்குத் தடையாவது பெரும்பாலும் குரைப்புத்தான். அந்தப் பணியில் ஊர்நாய்க்கு ஈடு குறைவு.

மனிதருக்கு ஆபத்தே இல்லை என்றும் ஆகாது. சென்னை ஜாபர்கான்பேட்டையில் 2025 ஓகஸ்ட் மாதம் பக்கத்து வீட்டுப் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். தடுக்கப்போன உரிமையாளரையும் அது கடித்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், றொட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் இந்திய மத்திய அரசு 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை மூன்றையும் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டோரைக் கேளாமல் எடுத்த முடிவென்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை நீக்கியது. இனத்தைத் தடைசெய்வதா, உரிமையாளரைப் பொறுப்பாக்குவதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை.

அறிவியல் சொல்வது இரு பக்கத்தாருக்கும் முழுத் திருப்தி தராது. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் வாசித்து 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, தனி நாய்களுக்கிடையிலான நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தையே இனம் விளக்குகிறது என்று கண்டது. எனவே பிட்புல் என்பதாலேயே ஒரு நாய் கொடியது என்று சொல்லிவிட முடியாது. தாடை பூட்டிக்கொள்ளும் என்ற கதைக்கும் உடற்கூற்றில் ஆதாரமில்லை. மறுபுறம், கடிக்க நேர்ந்தால் விளையும் சேதம் நாயின் எடையையும் தசைவலுவையும் விடாத குணத்தையும் பொறுத்தது. பதினைந்து கிலோ ஊர்நாய் கவ்விவிட்டு ஓடும் இடத்தில் முப்பது கிலோ பிட்புல் விடாமல் உலுக்கும். சிறுபிள்ளைகள் நடமாடும் வீடு இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

சட்டமும் உரிமையாளர் பக்கம் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு தானாகத் தாக்கி விளைவித்த தீங்குக்கு அதன் சொந்தக்காரர் கவனக்குறைவு நிறுவப்படாமலே பொறுப்பாவார் என்ற பழைய கோட்பாடு உண்டு. நாயைக் கட்டித்தான் வைத்திருந்தேன், எப்படியோ அறுத்துக்கொண்டது என்ற பதில் நட்டஈட்டிலிருந்து காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

பிட்புல்லைத் தவிர்க்க மானிப்பாய்க் குடும்பங்களுக்குக் குறிப்பாகப் பொருந்தும் இன்னொரு காரணம் புலப்பெயர்வு. பிள்ளைகள் விசா எடுத்துப் பெற்றோரைக் கூப்பிடும் நாள் பல வீடுகளில் வருகிறது. அப்போது நாயைக் கூடக் கொண்டுபோக எண்ணினால், ஈழத்தமிழர் அதிகம் வாழும் நாடுகளிலேயே பிட்புல்லுக்குக் கதவு மூடியிருக்கிறது. பிரித்தானியா 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தால் பிட்புல் டெரியரைத் தடைசெய்தது. 2023 டிசெம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமெரிக்கன் புல்லியின் பெரிய வகையான எக்ஸ்எல் புல்லியின் விற்பனையும் இனப்பெருக்கமும் நிறுத்தப்பட்டன. 2024 பெப்ரவரி முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணம் 2005இல் தடைவிதித்தது. நோர்வே, டென்மார்க், ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா ஆகியவையும் இந்த வகை நாய்களை உள்ளே விடுவதில்லை. பயணநாள் வந்ததும் அந்த நாய்க்கு என்ன நடக்கும் என்பதை இப்போதே எண்ணிவிட வேண்டும். அளவும் வலுவும் பெயரும் உள்ள நாயை அயலவர் எளிதில் ஏற்கமாட்டார். சங்கிலியில் விடப்பட்டுச் சோறு வைக்க ஆளில்லாத நிலைக்கே அது வரும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமம் வெறுமையானபோது வளவுகளில் நாய்கள் விடப்பட்டன. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

இனநாய்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், வளர்ப்பவரின் வீட்டுக்கே போய்த் தாயைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இது பிட்புல்லுக்கு மட்டுமன்றி ஜேர்மன் செப்பேர்ட், லாப்ரடோர் எதற்கும் பொருந்தும். பெட்டை நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டி போடவைத்த தாயின் மெலிந்த உடலும் தொங்கிய மடியும் எந்தச் சான்றிதழையும் விட அதிகம் சொல்லும். தாய் அந்நியரைக் கண்டு பதுங்குகிறதா, சீறுகிறதா, வந்து மணந்து பார்க்கிறதா என்பதைக் குட்டிகளும் பார்த்துத்தான் பழகுகின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையான காலமே குட்டி மனிதரையும் சத்தங்களையும் பிற விலங்குகளையும் அஞ்சாமல் ஏற்கப் பழகும் காலம். அந்த வாரங்களைக் கூட்டுக்குள் கழித்த குட்டிக்கு எந்த வம்சமும் கைகொடுக்காது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்துத் தருபவரிடம் வாங்கக்கூடாது. பார்வோ வைரஸ் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடரவேண்டியது. அட்டையில் ஊசியின் பெயரும் திகதியும் மிருக வைத்தியரின் கையொப்பமும் இருக்க வேண்டும். நல்ல வளர்ப்பாளர் வாங்குபவரிடம் திருப்பிக் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் யார், மதில் உண்டா, பகலில் ஆள் இருக்குமா என்று. வளர்க்க முடியாமற் போனால் தன்னிடமே திருப்பித் தரச் சொல்வார். பஸ்ஸில் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுகிறேன் என்பவர் அந்த வகையினரல்லர்.

மீட்பு நாய் என்ற மற்ற வழி யாழ்ப்பாணத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நடத்தும் நாய்கள் சரணாலயம் கைவிடப்பட்ட நாய்களுக்கு உணவும் மருத்துவமும் கொடுத்துப் பராமரிக்கிறது. ஆறு திருமுருகன் தலைமையிலான அந்த அறக்கட்டளையின் இந்தப் பணி, கட்டாக்காலி நாயைக் கல்லெறிந்து துரத்திப் பழகிய சமூகத்தில் துணிச்சலானது. அதைப் போற்றத்தான் வேண்டும். சரணாலயத்து நாயிடம் உள்ள பெரிய நன்மை அதன் வயது. குட்டி என்னவாக வளரும் என்பது ஊகம். வளர்ந்த நாய் ஏற்கனவே தன் அளவையும் குணத்தையும் அடைந்துவிட்டது. சோறு வைத்த பாத்திரத்துக்குக் கிட்டப் போனால் என்ன செய்கிறது, சிறுவர்கள் ஓடினால் துரத்துகிறதா, கழுத்துப்பட்டியைத் தொட விடுகிறதா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகிறதா என்பதையெல்லாம் நேரில் பார்த்துத் தெரியலாம். ஒரே நாளில் முடிவெடுக்காமல், வெவ்வேறு நேரங்களில் பல முறை போய்ப் பார்ப்பது நல்லது.

தெருவில் வாழ்ந்த நாய்க்குரிய நோய்களையும் மறைக்கக்கூடாது. பெட்டைகளிலும் கடுவன்களிலும் குறியில் இரத்தம் கசியும் கட்டியாகத் தோன்றும் தொற்றுப் புற்றுநோய் கட்டாக்காலி நாய்களிடையே பரவலானது. வாராவாரம் ஏற்றும் மருந்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். நாய்த் தோலுக்கடியில் வாழும் டைரோபிலேரியா ரீபென்ஸ் புழு நுளம்பு மூலம் மனிதருக்கும் வரும். மனிதரில் இந்தத் தொற்று அதிகம் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. எடுக்கும் முன் மிருக வைத்தியரிடம் இரத்தம் பார்த்து, புழு மருந்து கொடுத்து, விசர் தடுப்பூசி போட்டு, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இவற்றில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடும். வம்சக் குட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறிது.

கைவிடப்பட்ட பிட்புல்லே சரணாலயத்தில் கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று வழிகாட்டும். 2007இல் அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக்கேல் விக்கின் சண்டை நாய்க் கூடத்திலிருந்து ஐம்பதளவில் பிட்புல்கள் கைப்பற்றப்பட்டன. அதுவரையான வழக்கப்படி எல்லாவற்றையும் கொன்றிருப்பார்கள். அம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார்கள். மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. பல நாய்கள் வீடுகளுக்குப் போயின. சில ஆயுள் முழுதும் மீட்பு நிலையத்தில் தங்கின. சண்டை வம்சத்தில் பிறந்து சண்டைக் கூடத்தில் வளர்ந்த நாய்களைக்கூடத் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்தவர்கள் விலங்கு நடத்தையில் தேர்ந்தவர்கள். அத்தகைய கண் இல்லாத இடத்தில் வரலாறு தெரியாத பிட்புல்லைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எடுப்பது தவறு. நாய் வளர்த்து அனுபவமுள்ள, வேறு விலங்கு இல்லாத, உயர்ந்த மதிலுள்ள வீடு அதற்கு ஏற்றது.

எந்த வழியால் வந்தாலும் ஊர் முழுவதையும் பாதிக்கும் ஒன்று பெட்டைக் குட்டிகளின் கதி. கடுவன் குட்டிக்கு ஆள் வரும். பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடப்படும். இயக்கச்சி போன்ற இடங்கள் எத்தனை நாய்களை ஏற்றாலும் அந்தச் சாக்குகள் வந்துகொண்டேயிருந்தால் இடம் போதாது. பிடித்துக் கொல்லும் முறையை 2006இல் இலங்கை அரசு கைவிட்டபின், தொகையைக் கட்டுப்படுத்த எஞ்சியிருப்பது கருத்தடையே. பெட்டையை எடுத்துக் கருத்தடை செய்துவிடும் வீடு, முன்கூட்டியே பல ஈற்றுகளைத் தடுக்கிறது. பெட்டை பொதுவாக வளவை விட்டு அதிகம் அலையாது, காவலுக்கும் குறைந்ததன்று.

விசர்நாய்க் கடியால் இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கிடைத்ததாலும் அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை முப்பது அளவுக்கு இறங்கியுள்ளது. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி வீட்டு நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும். இப்பகுதிக்குரியது மானிப்பாயிலுள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை. தடுப்பூசி அட்டையோடு போய்ப் பதிந்து, கழுத்துப்பட்டியில் வீட்டின் தொலைபேசி எண்ணை எழுதித் தைத்துவிட்டால், வேலி தாண்டி ஓடிய நாய் கட்டாக்காலி என்று பிடிபடாமல் வீட்டுக்குத் திரும்பும். வளர்ப்பாளரிடம் வாங்கிய நாய்க்கும் இயக்கச்சியிலிருந்து வந்த நாய்க்கும் இந்தக் கடமை ஒன்றே.